தட்டு மறையும் ஆழம்

சிகந்தராபாத், லாலாகுடா
20 செப்டம்பர் 1908

அண்ணா வேதாசலத்துக்கு அன்னக்கிளி எழுதுவது.

இவ்விடம் எல்லோரும் சௌக்கியம் என்று ஆரம்பிக்கத்தான் திருமுல்கேரி மிஷன் பள்ளியில் நம் இருவருக்கும் கற்றுக்கொடுத்தார்கள். அந்த வரியை இன்றைக்கு என்னால் எழுத முடியாது. ஆவணியில் நான் முழுகாமல் இருக்கிறேன் என்று எழுதியிருந்தேனே, அது இனி இல்லை. போன செவ்வாய்க்கிழமை உன் மைத்துனர் வயிற்றில் உதைத்தார். விழுந்த பிறகும் உதைத்தார். ரயில் பட்டறையில் போர்மன் அவரைத் திட்டினால் அன்றைக்கு எனக்கு அடி விழும் என்பது இந்தக் காலனி முழுக்கத் தெரிந்த சங்கதி. அன்றைக்குப் போர்மன் கொஞ்சம் அதிகமாகத் திட்டிவிட்டார் போலிருக்கிறது.

பக்கத்து வீட்டு ஜுலைகாதான் என்னைத் தூக்கிக்கொண்டு போனாள். வேலூர்க்காரி. இங்கேயே பிறந்து வளர்ந்ததால் அவள் தமிழில் பாதி தக்கணி உருது, வேண்டாம் என்பதற்கு நக்கோ, ஏன் என்பதற்குக் கைக்கு. "அவன்கிட்ட இனிமே நக்கோ போவாத அன்னம். கைக்கு போவணும்? சாவறதுக்கா?" என்று என் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதாள். அவள் சுலபமாக அவன் இவன் என்கிறாள். எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

அப்பா இல்லாத குறைக்கு நீதான் என்னைத் தாரை வார்த்துக் கொடுத்தவன். அதனால் கேட்கிறேன். ஒரு தடவை வந்து அவர் எதிரில் நில். நீ அடிக்க வேண்டாம், கேட்க ஆள் இருக்கிறது என்று அவர் கண்ணில் பட்டால் போதும். வருகிறாயா, இல்லையா?

அன்னக்கிளி


மசூலிப்பட்டணம் கடற்கரை, ஆற்றுமுகத்து முகாம்
26 செப்டம்பர் 1908

தங்கை அன்னத்துக்கு.

உன் கடிதத்தை மணலில் உட்கார்ந்து படித்தேன். படித்து முடித்ததும் என்ன செய்வது என்று தெரியாமல் அலையில் கால் நனைய நின்றுகொண்டிருந்தேன். உன் புருஷன் ஜெகநாதன் என் எதிரில் இருந்திருந்தால் அவன் கழுத்தை நெரித்திருப்பேன். இங்கிருந்துகொண்டு இப்படி எழுதுவதற்கு எனக்கே வெட்கமாக இருக்கிறது.

கடலை ஆராய வந்திருக்கும் எங்கள் துரையிடம் லீவு கேட்டேன். தரமாட்டேன் என்றுவிட்டார். இந்த வருஷம் கிருஷ்ணா நதியில் தண்ணீர் குறைவு. கடல் இவ்வளவு தெளிவாக அவர் பார்த்ததே இல்லையாம். தினமும் படகில் போய் ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டிக் கடலுக்குள் இறக்குகிறோம். தட்டு எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறதோ அதுவரை வெளிச்சம் நன்றாகப் போகிறது என்று கணக்கு. இப்போது ஒன்றரை ஆள் ஆழத்திலும் தட்டு தெரிகிறது. அடியில் இடிந்து கிடக்கும் பழைய கோட்டைக் கற்களில் பாசி பச்சைப் பசேல் என்று மண்டிக் கிடக்கிறது. பாசிக்கு வெளிச்சம்தான் சோறு. மடவை மீனுக்குப் பாசி சோறு. இங்கே இரண்டு குப்பத்துக்காரர்களுக்கும் மடவை சோறு.

இதையெல்லாம் உன்னிடம் எதற்குச் சொல்கிறேன் என்று கோபப்படாதே. வர முடியாதவனுக்கு வாய் நீளுகிறது. நீ கிளம்பி இங்கே வந்துவிடு. பெஜவாடாவில் வண்டி மாறினால் புது லைன் இங்கே வரை வந்திருக்கிறது.

வேதாசலம்


லாலாகுடா
3 அக்டோபர் 1908

அண்ணாவுக்கு.

நீ வரவில்லை. மூசி ஆறு வந்தது.

மழை ஞாயிற்றுக்கிழமையே பிடித்துக்கொண்டது. உன் மைத்துனர் ஞாயிறு சாயங்காலம் அப்சல்கஞ்ச் பக்கம் சிநேகிதன் வீட்டுக்குச் சீட்டாடப் போனார். திங்கட்கிழமை விடிந்தபோது ஊர் இல்லை. நாங்கள் இருப்பது மேடு, இங்கே முற்றத்தில் தண்ணீர் நின்றதோடு சரி. நானும் ஜுலைகாவும் அவள் புருஷனோடு ஆற்றுப்பக்கம் போனோம். அண்ணா, நான் பார்த்ததை எழுதினால் நீ சோறு தின்னமாட்டாய். பாலத்து மேல் மாடு ஒன்று மாட்டிக்கொண்டு கத்துகிறது, அதன் கொம்பில் ஒரு புடவை. வீட்டுக் கூரை முழுசாக மிதந்து வருகிறது, அதன் மேல் ஆட்கள், பாலத்தில் மோதியதும் கூரையும் இல்லை ஆட்களும் இல்லை. கரையில் தள்ளிய பிணங்களை வண்டியில் அடுக்கினார்கள், இந்து எது துலுக்கர் எது என்று பார்க்க யாருக்கும் நேரமில்லை. ஒரு பெண்ணின் கையை ஒருவன் வளையலுக்காக முறுக்கிக்கொண்டிருந்தான். ஜுலைகாவின் புருஷன் அவனைக் கல்லால் அடித்தான். மண்டை உடைந்து அந்த வளையல் திருடனும் அங்கேயே விழுந்தான்.

பட்டறை மேஸ்திரி புருஷோத்தமன் முதலியார் தன் கண்ணால் பார்த்ததாகச் சொல்கிறார். ஒரு மரத்தில் தொற்றிக்கொண்டிருந்தாராம் உன் மைத்துனர், மரம் சாய்ந்து தண்ணீரோடு போனதாம். நான் நாலு நாளாகப் பிணங்களைப் புரட்டிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

உன்னிடம் மட்டும் சொல்கிறேன். ஒவ்வொரு முகத்தையும் திருப்பும்போது இது அவராக இருக்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன். நான் எப்பேர்ப்பட்டவள் என்று நீயே முடிவு பண்ணிக்கொள்.

அன்னக்கிளி


ஆற்றுமுகத்து முகாம்
10 அக்டோபர் 1908

அன்னத்துக்கு.

நீ எப்பேர்ப்பட்டவள் என்று நான் முடிவு பண்ணுவதற்கு ஒன்றுமில்லை. நான் உன் இடத்தில் இருந்தாலும் அதையேதான் வேண்டியிருப்பேன்.

உன் ஊர் ஆறு கிருஷ்ணாவில் கலந்து இங்கே வந்து சேர்ந்துவிட்டது. முதலில் செம்மண், சேறு, மரம், செத்த ஆடு மாடு. மனிதர்களும் வந்தார்கள். கரைக்கு வந்தவர்களை நாங்கள் புதைத்தோம். ஒவ்வொருவன் முகத்தையும் நானும் பார்த்தேன், நீ எதற்காகப் பார்த்தாயோ அதற்காகத்தான். அதற்கப்புறம் சேறு அடங்கியது, ஆனால் தண்ணீர் வெளுக்கவில்லை. கறுப்பாக, கடுந்தேயிலைச் சாறு போல நிற்கிறது. கண்ணாடி டம்ளரில் ஊற்றி வைத்தேன். சேற்றுத் தண்ணீர் என்றால் மறுநாள் அடியில் மண் தங்கி மேலே தெளியும். இது தெளியவில்லை. துரை சொல்கிறார், காடு கழனியில் அழுகிய இலை, பட்டை, வேர் எல்லாம் ஊறிய சாயம் இது, தண்ணீரோடு கரைந்துவிட்டது, எதுவும் அடியில் தங்காது என்று. ஆற்றுத் தண்ணீர் உப்பில்லாததால் இலேசு. கடல் மேல் மூடி போட்டது போல நிற்கிறது. கீழே இருக்கும் உப்புத் தண்ணீரைப் புட்டியில் எடுத்துப் பார்த்தோம், அது கண்ணாடி போலத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே வெளிச்சம் இல்லை. ஒன்றரை ஆள் ஆழம் தெரிந்த தட்டு இப்போது ஒரு கை நீளத்தில் மறைந்துவிடுகிறது.

ஜெகநாதன் காரியம் சொல்கிறேன். பிணம் கிடைக்கவில்லை என்று வருஷக்கணக்காகக் காத்திருக்காதே. மேஸ்திரி பார்த்திருக்கிறார், அது போதும். புரோகிதரைக் கூப்பிட்டுப் புரச இலையில் ஆள் உருவம் கட்டி எரித்துவிடு. தாலியை இறக்கு. அண்ணன் சொன்னான் என்று சொல். அந்த வீட்டை விட்டு வெளியே வர உனக்கு அது ஒன்றுதான் வழி.

வேதாசலம்


லாலாகுடா
21 அக்டோபர் 1908

அண்ணாவுக்கு.

நீ சொன்னபடி ஆயிற்று. புரோகிதர் இலையை அடுக்கி, தர்ப்பையால் கட்டி, கை கால் தலை எல்லாம் வைத்து ஓர் ஆளைச் செய்தார். தலைக்குத் தேங்காய். புருஷோத்தமன் முதலியார் கொள்ளி வைத்தார். இலை ஈரமாக இருந்ததால் முதலில் பிடிக்கவில்லை, நெய்யை ஊற்றி ஊற்றித்தான் எரித்தார்கள். பெண்டுகள் எல்லாம் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். என் கண்ணில் புகைக்குத்தான் தண்ணீர் வந்தது. தாலியை இறக்கிப் பாலில் போட்டாயிற்று.

ஒரு விஷயம் கேட்கிறேன், மறைக்காமல் சொல். என் வீட்டில் சாவு. ஊரில் பிணம் அள்ளி மாளவில்லை. நீ எனக்கு ஒரு பக்கம் முழுக்க டம்ளர் தண்ணீர் தெளியவில்லை என்று எழுதுகிறாய். கருமத்துக்காவது அண்ணன் வருவான் என்று எல்லோரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மங்களம் அக்கா, அதுதான் முதலியார் சம்சாரம், "உங்க அண்ணனுக்குப் பாசி மேல இருக்கிற பாசம் உன் மேல இல்லையே" என்று சபையில் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்புறம் வீட்டுக்கு வந்து உன் மேல் இருந்த கோபத்தில் ஒரு சட்டியை உடைத்தேன்.

ஆனால் இதையும் சொல்லிவிடுகிறேன். காரியம் முடிந்த அன்றைக்கு மத்தியானம் பாயை விரித்துப் படுத்தேன். யாரும் எழுப்பவில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டபோது என் உடம்பு தூக்கிப் போடவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு தூக்கம் தூங்கியதில்லை.

அன்னக்கிளி


ஆற்றுமுகத்து முகாம்
30 அக்டோபர் 1908

அன்னத்துக்கு.

மங்களம் அக்கா சொன்னது உறைத்தது. வந்திருக்க வேண்டும். துரை விடவில்லை என்பது பாதிதான் உண்மை. மீதிப் பாதி, இந்தக் கறுப்புத் தண்ணீர் என்ன செய்யப் போகிறது என்று பார்க்காமல் என்னால் நகர முடியவில்லை. திட்டிக்கொள்.

அது செய்துவிட்டது. நேற்று அடியிலிருந்து ஒரு கல்லைக் கொக்கி போட்டு எடுத்தோம். பச்சையாக இருந்த பாசி வெளுத்து, கொழகொழவென்று கையோடு வருகிறது. நாற்றம் தாங்கவில்லை. யாரும் அதை வெட்டவில்லை, விஷம் வைக்கவில்லை. வெளிச்சம் போகவில்லை, அவ்வளவுதான். பட்டினி கிடந்து செத்திருக்கிறது. மடவை மீன்கள் மேய இடமில்லாமல் போய்விட்டன. வடக்கே ஓர் இடத்தில் மட்டும் நீரோட்டம் கறுப்பை விலக்கி வைத்திருக்கிறது. அங்கே கொஞ்சம் பாசி, கொஞ்சம் மீன்.

அந்தக் கொஞ்சத்துக்கு நேற்று வெட்டு குத்து. வடக்குக் குப்பத்துக்காரர்கள் அது எங்கள் இடம் என்றார்கள். தெற்குக் குப்பத்துக்காரர்கள் கடலுக்கு ஏதடா வேலி என்றார்கள். துடுப்பால் அடித்துக்கொண்டார்கள் அன்னம். ஒருவனுக்குத் தாடை பிய்ந்து தொங்கியது. இன்னொருவனை வலையில் சுருட்டித் தண்ணீரில் அழுத்தினார்கள், மேலே கொண்டுவந்தபோது உயிர் இல்லை. போன மாதம் வரை ஒருத்தர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒருத்தர் போனவர்கள். எங்கள் படகுக்காரர்கள் எல்லோரும் ஒன்று சாவு வீட்டில் இருக்கிறார்கள், இல்லை போலீசுக்குப் பயந்து ஓடிவிட்டார்கள். மிச்சம் இருப்பது போலய்யா ஒருத்தன். அவனுக்கும் தலையில் கட்டு, ஒரு கண் வீங்கி மூடியிருக்கிறது. அவனும் நானும் மட்டும்தான் இப்போது தட்டு இறக்கப் போகிறோம்.

நீ தூங்கினாய் என்று எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

வேதாசலம்


லாலாகுடா, ஜுலைகா வீடு
9 நவம்பர் 1908

அண்ணா, அவசரம். இடது கையால் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும்.

அவன் உயிரோடு வந்துவிட்டான்.

ஆமாம், அவன் என்றுதான் எழுதுகிறேன். சாய்ந்த மரத்தோடு போய் எங்கோ கீழே ஒரு கிராமத்தில் ஒதுங்கியிருக்கிறான். ஜுரத்தில் இவ்வளவு நாள் நினைவில்லாமல் கிடந்தானாம். போன வாரம் வாசலில் வந்து நின்றான். என் கழுத்தைப் பார்த்தான், நெற்றியைப் பார்த்தான். "என்னை எரிச்சிட்டியாடி" என்று கேட்டான். அதற்கப்புறம் நடந்ததை நான் எழுதவில்லை. ஜுலைகா புருஷன் கதவை உடைத்துத்தான் என்னை வெளியே எடுத்தான்.

சபை கூடியது. புரோகிதர் சொன்னார், கருமம் செய்துவிட்ட ஆள் செத்தவன்தான், ஊருக்குள் வர வேண்டுமானால் மறுபடி பிறக்க வேண்டும். பெரிய அண்டாவில் தண்ணீரும் நெய்யும் விட்டு அவனை உட்கார வைத்து, குழந்தைக்குச் செய்வது போல ஜாதகர்மம் செய்து, பேர் வைத்து, கடைசியில் எனக்கு மறுபடியும் தாலி கட்ட வேண்டும். சாஸ்திரம் அப்படித்தானாம். நேற்றுக் காலை முதலியார் வீட்டு முற்றத்தில் அண்டா வைத்தார்கள். அவன் முழங்காலைக் கட்டிக்கொண்டு அதில் உட்கார்ந்திருந்தான், தலையிலிருந்து நெய் வழிகிறது. எல்லோரும் பயபக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் புரோகிதரிடம் ஒன்றுதான் கேட்டேன்.

"சாமி, அந்தத் தாலியை நான் கட்டிக்கலேன்னா?"

அவர் நெய்க் கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு, கட்டாதவரை அவன் உனக்கு அந்நியன்தான் அம்மா என்றார். நான் எழுந்து நின்று, அப்படியானால் எனக்கு வேண்டாம் என்று சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

அவன் அண்டாவிலிருந்து அப்படியே எழுந்து வந்தான். பக்கத்தில் இருந்த பித்தளைச் செம்பை எடுத்து என் வலது கையில் அடித்தான். எலும்பு முறிந்த சத்தம் முற்றம் முழுக்கக் கேட்டது. அத்தனை ஆண்பிள்ளைகள் இருந்தார்கள், அவன் மேல் நெய் வழுக்குகிறது என்று யாரும் பிடிக்கவில்லை.

முதலியார் இப்போது ஒரு வாதம் வைத்திருக்கிறார். பெண்ணைக் கொடுப்பது அண்ணன், அதனால் அண்ணன் வாயால் முடியாது என்று சொன்னால்தான் செல்லும், பெண் சொன்னால் செல்லாது. அண்ணன் வந்து தாரை வார்த்தால் அவள் கழுத்தை நீட்டித்தான் ஆக வேண்டும். அதனால் அவன் உன்னைத் தேடி வருகிறான். இடுப்பில் கத்தி இருக்கிறது. உன் காலில் விழுவான், அழுவான், நம்பாதே. அவனைப் பார்க்காதே. துரை பங்களாவில் போய் இரு. முடியாது என்று மட்டும் எழுதி முதலியாருக்குப் போடு. எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

அன்னக்கிளி


மசூலிப்பட்டணம்
18 நவம்பர் 1908

அன்னத்துக்கு.

உன் கடிதம் எனக்கு நேற்றுத்தான் கிடைத்தது. ஜெகநாதன் அதற்கு முந்தின நாளே வந்துவிட்டான்.

முதலில் சேதி. ஜெகநாதன் கடலில் போய்விட்டான். இந்தத் தடவை நிச்சயம்.

காலையில் படகு தள்ளிக்கொண்டிருந்தோம், மணலில் நடந்து வந்தான். மெலிந்து, தாடியோடு. மச்சான் என்று கட்டிக்கொண்டான். நீ சொன்ன மாதிரியே அழுதான். எனக்கு முதலில் பேயைப் பார்த்தது போல ஆகிவிட்டது. உடனே என்னோடு கிளம்பு, அன்னத்தை எனக்குக் கொடு என்றான். தட்டு இறக்கிவிட்டு வந்து பேசுகிறேன் என்றேன். நான் ஓடிவிடுவேன் என்று நினைத்தானோ என்னவோ, நானும் வருகிறேன் என்று படகில் ஏறிக்கொண்டான். வழக்கமான ஆட்கள் இருந்திருந்தால் ஏற்றியிருக்கமாட்டார்கள். போலய்யா ஒருத்தன்தான், அவனும் ஒரு கண்ணோடு பின்னால் துடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

தட்டை இறக்கினேன். இதில் என்னத்தைப் பார்க்கிறாய் என்று கேட்டான். வெளிச்சம் எவ்வளவு ஆழம் போகிறது என்று பார்க்கிறேன் என்றேன். சிரித்தான். அப்புறம் சபையில் நடந்ததை அவனே சொன்னான். நீ எழுந்து நின்றதை, செம்பை, எலும்பு முறிந்ததை. எனக்கு அதுவரை தெரியாது. கடைசியில் சொன்னான்.

"முடியாதுன்னு மட்டும் சொல்லாத மச்சான். அவளுக்கு இன்னும் ஒரு கை இருக்கு."

முதலில் அடித்தது நான்தான். யார் என்ன சொன்னாலும் நீ அதை மனதில் வை. தட்டுக் கயிற்றின் ஈயக் குண்டால் அவன் வாயில் அடித்தேன். பல் உடைந்து சிதறியது. அவன் கத்தியை எடுக்கவில்லை, என் குரல்வளையைப் பிடித்தான். படகு சாய்ந்தது. இருவரும் தண்ணீரில்.

இத்தனை நாளாக மேலிருந்து பார்த்த தண்ணீரை அன்றைக்கு உள்ளிருந்து பார்த்தேன். தலைக்கு மேலே சிவந்த பழுப்பு வெளிச்சம். கொஞ்சம் கீழே போனதும் அதுவும் இல்லை. அதற்கும் கீழே காலில் சில்லென்று உப்புத் தண்ணீர், அது தெளிந்த தண்ணீர் என்று எனக்குத் தெரியும், கண்ணைத் திறந்தால் ஒன்றுமில்லை. என் கையை என் முகத்துக்கு நேரே வைத்தேன், தெரியவில்லை. அப்போது ஒரு கை என் கணுக்காலைப் பிடித்தது.

உதைத்தேன். பிடி விட்டது. பிறகு மறுபடியும் பிடித்தது. மறுபடியும் உதைத்தேன். குதிகாலில் அவன் முகம் பட்டது, மூக்கு நசுங்கியது தெரிந்தது. முதல் உதை என் உயிருக்காக. இரண்டாவது அதற்காக இல்லை. அப்போது எனக்கு மூச்சு இருந்தது, மேலே போக வழி தெரிந்தது. தெரிந்துதான் உதைத்தேன்.

போலய்யா என்னைத் தூக்கிப் போட்டான். மூங்கிலை விட்டுத் துழாவினோம். ஒன்றும் தட்டுப்படவில்லை. தண்ணீருக்குள் நடந்ததைப் போலய்யா பார்க்கவில்லை, பார்க்கவும் முடியாது. போலீஸ் வந்தது. படகு சாய்ந்து இருவரும் விழுந்தோம், தண்ணீரில் கண் தெரியவில்லை, தேட முடியவில்லை என்று சொன்னேன். அந்தத் தண்ணீரில் ஒரு கை ஆழத்துக்குக் கீழே யாராலும் எதையும் பார்க்க முடியாது என்று துரையே சாட்சி சொன்னார். தினமும் தட்டு இறக்கிய கணக்கைக் காட்டினார். என்னை விட்டுவிட்டார்கள்.

துரையிடம் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று இருக்கிறது. நீ சொல்கிறபடி செய்கிறேன்.

வேதாசலம்


லாலாகுடா, ஜுலைகா வீடு
23 நவம்பர் 1908

அண்ணா,

யார் உன்னைக் கேட்டார்கள்? முடியாது என்று ஒரு வார்த்தை எழுதிப் போடு என்றுதானே சொன்னேன். அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்று நான் சொன்ன வார்த்தை ஒன்று இருந்தது. கை முறிந்தாலும் அது என்னுடையது. இப்போது ஊரில் அதை யாரும் பேசவில்லை. தங்கை உயிரோடு எரித்தாள், அண்ணன் முழுக்கிவிட்டான் என்றுதான் பேசுகிறார்கள். உன் மேல் எனக்குக் கோபம். இதை முதலில் எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

இனிமேல் மற்றது. துரையிடம் ஒன்றும் சொல்லாதே. தண்ணீர் கறுப்பாக இருந்தது, கண் தெரியவில்லை, அவ்வளவுதான். தூக்குக் கயிற்றில் உன்னைப் பார்க்க என்னிடம் தெம்பு இல்லை. என் வயிற்றில் உதைத்தவன் ஒன்றோடு நிறுத்தினானா? நீ இரண்டோடு நிறுத்தினாய். நான் அப்படித்தான் கணக்கு வைத்துக்கொள்கிறேன்.

புரோகிதரைப் போய்க் கேட்டேன், இன்னொரு முறை காரியம் செய்ய வேண்டுமா, தீட்டு உண்டா என்று. அவர் ஏடுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஜாதகர்மம் பாதியில் நின்றுவிட்டது, அவன் முழுசாக மறுபடி பிறக்கவில்லை, பிறக்காதவனுக்குச் சாவு ஏது, உனக்குத் தீட்டு இல்லை என்றார். கேட்டுவிட்டு வெளியே வந்து தெருவில் நின்று சிரித்தேன் அண்ணா. சிரிப்பு நிற்கவில்லை. ஜுலைகா வந்து கன்னத்தில் ஓர் அறை விட்ட பிறகுதான் நின்றது. அப்புறம் அழுதேன். அவனுக்காகவா என்று கேட்காதே, எனக்கே தெரியவில்லை.

முதலியார் வீட்டுப் பக்கம் போவதில்லை. கட்டுப் பிரித்ததும் நான் அங்கே வந்துவிடுகிறேன். டிக்கட்டுக்கு ஜுலைகா புருஷன் ஏற்பாடு செய்கிறான். உன் கூடாரத்தில் சமைத்துப் போடுவேன், வேண்டுமானால் கயிறும் பிடிப்பேன், ஒரு கைதான் பலமாக இருக்கும்.

வருவதற்கு முன்னால் எனக்கு ஒன்று தெரிய வேண்டும். உன் கடிதம் வந்ததிலிருந்து அது ஒன்றுதான் மண்டையில் ஓடுகிறது. அவன் உன் காலைப் பிடித்தானே, இரண்டாவது முறை. உன்னைக் கீழே இழுக்கப் பிடித்தானா, மேலே ஏறப் பிடித்தானா? உனக்குத் தெரிந்திருக்கும். பொய் சொல்லாதே. எதுவானாலும் நான் வருவேன்.

அன்னக்கிளி


ஆற்றுமுகத்து முகாம்
1 டிசம்பர் 1908

அன்னம்,

இழுக்கத்தான் பிடித்தான் என்று எழுதினேன். மடித்து உறையில் போட்டேன். பிறகு எடுத்துக் கிழித்துவிட்டேன். மறுநாளும் அதையே எழுதிக் கிழித்தேன்.

நீ கிளம்பும் நாளை எழுது, பெஜவாடாவுக்கே வந்து அழைத்துக்கொள்கிறேன். இதைப் படித்த பிறகு வர வேண்டாம் என்று தோன்றினால் வராதே. நான் கோபித்துக்கொள்ளமாட்டேன்.

இழுக்கிறவன் பிடித்த இடத்திலேயே பிடித்திருப்பான். அவன் கை முதலில் கணுக்காலில் இருந்தது. இரண்டாவது முறை முழங்காலில் இருந்தது. இன்னொரு கை என் வேட்டியைத் தேடிக்கொண்டிருந்தது.

ஏறத்தான் பார்த்தான்.

வேதாசலம்